வீட்டுப் பத்திரமா, வெறும் கையெழுத்தா? எம்பிஏ கடன்கள் ஓர் ஒப்பீடு

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவிலிருந்து இந்த ஆண்டு இரண்டு பேர் எம்பிஏ படிக்கக் கிளம்புகிறார்கள். ஒருவருக்கு ஐஐஎம், இன்னொருவருக்கு அமெரிக்கா. என் தங்கையின் கடனுக்கு அலைந்தவன் என்பதால் இரண்டு வீட்டாரும் என்னிடம் வந்தார்கள். "எந்த பேங்க்ல வட்டி கம்மி தம்பி?" என்றுதான் இருவரும் ஆரம்பித்தார்கள். நான் திருப்பிக் கேட்டது: "வீடு யார் பேர்ல இருக்கு?"

உள்நாட்டுப் படிப்புக்கு இந்தக் கேள்வி பெரும்பாலும் தேவைப்படாது. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த பிஎம் வித்யாலட்சுமி கல்விக்கடன் திட்டத்தில், பட்டியலிலுள்ள தரமான கல்லூரிகளில் தகுதி அடிப்படையில் இடம் கிடைத்தால் அடமானமும் வேண்டாம், ஜாமீனும் வேண்டாம். குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால், 10 லட்சம் வரையிலான கடனுக்குத் தவணை தொடங்கும் வரை 3 சதவீத வட்டி மானியமும் உண்டு. ஆனால் அது ஆண்டுக்கு ஒரு லட்சம் மாணவர்களுக்குத்தான், அதனால் தாமதிக்காமல் விண்ணப்பிக்க வேண்டும். பெரிய ஐஐஎம்களில் இரண்டு ஆண்டுக் கட்டணம் 20 லட்சத்தைத் தாண்டுகிறது. அதற்கென்றே ஸ்டேட் பேங்கின் ஸ்காலர் லோன் போன்ற திட்டங்கள் இருக்கின்றன. கல்லூரியின் பெயரே அங்கே பாதி ஜாமீன். ஐஐஎம் பிள்ளையின் அம்மாவுக்கு நான் சொன்னது இவ்வளவுதான்: பொதுத்துறை வங்கியைத் தாண்டி எங்கேயும் போக வேண்டாம்.

வெளிநாடு என்றால் கதை வேறு. பிஎம் வித்யாலட்சுமி அங்கே செல்லாது. பொதுத்துறை வங்கிகள் பின்பற்றும் மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தில் 7.5 லட்சத்துக்கு மேல் போனால் சொத்து அடமானம் கேட்பார்கள், செலவில் 15 சதவீதத்தை நாம் போட வேண்டும். வட சென்னைக்காரர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். வாரியக் குடியிருப்பில் ஒதுக்கீட்டு ஆணை மட்டும் இருக்கும், கிரயப் பத்திரம் வந்திருக்காது. பழைய வண்ணாரப்பேட்டை ஓட்டு வீடுகளில் மூலப்பத்திரம் தாத்தா பெயரில், பாகம் பிரிக்காமல் கிடக்கும். எங்கள் வீட்டுக்கும் அதே சிக்கல். அத்தை தன் பங்கை வாய்மொழியாகத்தான் விட்டுக்கொடுத்திருந்தார். வங்கி வக்கீல் ஃபைலைத் திருப்பி அனுப்பிவிட்டார். அத்தை பங்கை எழுதிக் கொடுக்கும் விடுதலைப் பத்திரம் பதிவு செய்து, வில்லங்கச் சான்று வாங்கி மறுபடி கொடுப்பதற்குள் இரண்டு மாதம் ஓடிவிட்டது. அட்மிஷன் முன்பணத்துக்கு அம்மாவின் நகை போனது. அதனால் சொல்கிறேன், நுழைவுத்தேர்வுக்குப் படிக்கும்போதே பத்திரத்தை எடுத்துப் பாருங்கள்.

அடமானம் இல்லாதவர்களை கிரெடிலா, அவான்ஸ் போன்ற தனியார் நிதி நிறுவனங்கள் ஈர்க்கின்றன. வேகமாகத் தருகிறார்கள், உண்மைதான். ஆனால் கூட்டு விண்ணப்பதாரராகக் கையெழுத்துப் போடும் பெற்றோரின் சம்பளச் சீட்டும், பழைய கடன்களை ஒழுங்காகக் கட்டினார்களா என்று காட்டும் சிபில் மதிப்பெண்ணும் பார்ப்பார்கள். காசிமேட்டில் மீன் ஏலம் எடுக்கும் அப்பாவுக்கும், துறைமுகத்தில் ஒப்பந்த வேலை பார்க்கும் அப்பாவுக்கும் சம்பளச் சீட்டு ஏது?

வட்டி விகிதத்தைவிட, அதை எப்படிச் சேர்க்கிறார்கள் என்று கேளுங்கள். பொதுத்துறை வங்கியில் படிப்பு முடிந்து ஓராண்டு வரை தனிவட்டி. 40 லட்சத்துக்கு 12 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். முழுப் பணமும் முதல் நாளே வாங்கியதாகக் கணக்குப் போட்டால், மூன்றாண்டில் (படிப்பு இரண்டு, அதன்பின் ஒன்று) தனிவட்டி 14.4 லட்சம். அதையே மாதாமாதம் அசலில் சேர்த்தால் ஏறக்குறைய 17.2 லட்சம். சதவீதம் ஒன்றுதான், வித்தியாசம் 2.8 லட்சம்.

மூன்றாவது வழி, பிராடிஜி, எம்பவர் போன்ற வெளிநாட்டுக் கடன். வீடும் வேண்டாம், அப்பா கையெழுத்தும் வேண்டாம், எதிர்காலச் சம்பளத்தை நம்பித் தருகிறார்கள். எம்பவர் அமெரிக்கா, கனடாவுக்கு மட்டும். (அமெரிக்க அரசின் மாணவர் கடன், மாணவர் விசாவில் போகிறவர்களுக்குக் கிடையாது. அதை நம்பி யாரும் கணக்குப் போட வேண்டாம்.) டாலரில் வாங்கி டாலரில் கட்ட வேண்டும். அங்கேயே வேலை கிடைத்தால் பிரச்சினை இல்லை. விசா கிடைக்காமல் ஊர் திரும்பினால் ரூபாயில் சம்பாதித்து டாலர் கடனை அடைக்க வேண்டும். 2014 தொடக்கத்தில் 62 ரூபாய்க்கு இருந்த டாலர், 2024 டிசம்பரில் 85-ஐத் தாண்டியது.

அப்படியும், குடியிருக்கும் ஒரே வீட்டை வெளிநாட்டு எம்பிஏவுக்கு அடமானம் வைக்க நான் சம்மதிக்க மாட்டேன். வேறு மனை இருந்தால் அதை வைத்துப் பொதுத்துறை வங்கிக் கடன் வாங்குங்கள். இல்லையென்றால் அடமானம் கேட்காத கையெழுத்துக் கடன், அதுவும் வேலைவாய்ப்பு உறுதியாக உள்ள கல்லூரிக்கு மட்டும். அமெரிக்கா போகும் பிள்ளையின் அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. வீட்டில் பேசிவிட்டு ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். பத்திரத்தையும் எடுத்து வரச் சொன்னேன்.