முருகேசனின் 'வே.' எந்தக் கட்டத்தில்?

"அண்ணா, நீங்க கம்ப்யூட்டர்ல வச்சிருக்கிற மெயில் சாஃப்ட்வேருக்கு நானும் மாறட்டுமா?" என்று சித்தப்பா பையன் போன வாரம் கேட்டான். ஆறு வருடமாக என் கடிதங்கள் எல்லாம் அதில்தான். வேகம், தேடல், கோப்புறைகள், எதிலும் குறையில்லை. தீராத பிரச்சினை அதன் முகவரிப் புத்தகத்தோடு.

ஒவ்வொருவருக்கும் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம். வே. முருகேசன் என்று ஒருவர் இருந்தால் எப்படிப் போடுவது? எழுதுகிற வரிசையிலேயே முதலில் 'வே.', அடுத்து 'முருகேசன்' என்று போட்டு வைத்திருந்தேன். தையில் தங்கை கல்யாணத்துக்கு, முதல் பெயர் தானாக விழும்படி 140 பேருக்கு அழைப்பு அனுப்பினேன். 'அன்புள்ள வே. அவர்களுக்கு' என்று போயிருக்கிறது. அப்பாவின் நண்பர் போன் செய்து, "யாருக்குப்பா இது?" என்று கேட்டார். கூசிப்போனேன்.

அப்புறம் இரண்டு நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றிப் போட்டேன். இப்போது கடைசிப் பெயர்படி அடுக்கினால், 'வே.' என்ற இனிஷியல் உள்ள பதினோரு பேர் ஒரே குடும்பம்போல் சேர்ந்து நிற்கிறார்கள். அப்பா ஒரு கோடியில், அவர் பெயரை இனிஷியலாக வைத்திருக்கும் மகள் இன்னொரு கோடியில். கல்யாணமாகி இனிஷியல் மாறிய பெண்களுக்கு ஆளுக்கு இரண்டு அட்டை.

வழியே இல்லை என்றால் பொறுத்துக்கொள்ளலாம். தொடர்புகளைப் பரிமாறும் விகார்டு வடிவத்தில், 1998-இல் வந்த 3.0 பதிப்புக்குக் குடும்பப்பெயர், இட்டபெயர் என்று பிரித்த வரி கட்டாயம். 2011-இல் வந்த 4.0 அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டது. முழுப்பெயர் ஒரே வரியில் இருந்தால் போதும். தரநிலையே விட்டுக்கொடுத்த பிறகு இந்த மென்பொருளுக்கு மட்டும் என்ன பிடிவாதம்?

சரி, நல்லதையும் சொல்ல வேண்டும். செல்லப்பெயருக்கு ஒரு கட்டம் இருக்கிறது. அதில் 'திருச்சி அத்தை' என்று எழுதி வைத்தால், பெறுநர் இடத்தில் 'திருச்' என்று அடிக்கும்போதே அத்தையின் முகவரி வந்து நிற்கும். எழுபது வயதில் அம்மா யார் உதவியும் இல்லாமல் மாமாவுக்கு மெயில் அனுப்புவது இதனால்தான். 'தம்பி' என்று தமிழில் அடிப்பார், அவ்வளவுதான். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைந்துவிடும்.

அவனிடம் "வேண்டாம்டா" என்றுதான் சொன்னேன். அந்த அழைப்பிதழ்க் கோபம் இன்னும் ஆறவில்லை. அம்மாவின் கணினியில் மட்டும் அதை யாரும் தொடக்கூடாது.