டியூட்டியில் அடிபட்டால் எந்த டாக்டரிடம் போவது என்பதை ஆபீஸ் முடிவு செய்ய விடாதீர்கள்

அரசு வேலையில் இருப்பவர்கள், அதிலும் வெயில் மழை பார்க்காமல் வெளியே அலைகிற வேலை பார்ப்பவர்கள், இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படித்துவிடுங்கள். எனக்கு நடந்தது உங்களுக்கு நடக்கக் கூடாது.

நான் சர்வேயர். மேலூர்ப் பக்கம்தான் வேலை. 2022 ஐப்பசி மழையில் ஒரு நில உட்பிரிவு மனுவுக்காக அளக்கப் போயிருந்தேன். கண்மாய்க் கரையிலிருந்து வயலுக்குள் இறங்கும்போது கால் வழுக்கிவிட்டது. விழுந்த வேகத்தில் வலது கையைத் தரையில் ஊன்றிவிட்டேன். கூட வந்த தலையாரி அண்ணன் ஓடி வந்து தூக்கிவிட்டார். ரத்தம் இல்லை, கை வளையவும் இல்லை, மணிக்கட்டுக்குப் பக்கத்தில் லேசாக வீங்கியிருந்தது, அவ்வளவுதான். ஆனால் கட்டை விரலை அசைத்தால் உயிர் போனது.

நேரே மேலூர் அரசு மருத்துவமனைக்குப் போயிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆபீஸுக்கு போன் போட்டதுதான் நான் செய்த தப்பு. எடுத்தவர் எங்களுக்கு மேலே இருக்கும் ஒருவர். "தம்பி, டியூட்டியில அடிபட்டா நீங்களா எங்கயும் போகக் கூடாது, ஆபீஸ்ல சொல்ற ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும், வேற எங்க போனாலும் பில்லு பாஸாகாது" என்று சொல்லி மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் பெயரைக் கொடுத்தார். அங்கே ஒருவர் வாசலிலேயே நின்று பார்த்துக்கொள்வார் என்றும் சொன்னார். வலியில் இருக்கிறவன் விதியையா புரட்டிப் பார்ப்பான்? போய்விட்டேன்.

அவர் சொன்னதில் உண்மையே இல்லை. 2021 ஜூலையில் தொடங்கிய அரசு ஊழியர் புதிய மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் மாதம் 300 ரூபாய் நம் சம்பளத்தில்தான் பிடித்தார்கள், நான்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை சிகிச்சை. திட்டத்தின் பட்டியலில் இருக்கும் எந்த மருத்துவமனைக்கு வேண்டுமானாலும் நாமே தேர்ந்து போகலாம். அந்தத் தேர்வில் ஆபீஸுக்கு ஒரு வேலையும் கிடையாது. அரசு மருத்துவமனைக்குப் போவதை யாரும் தடுக்கவே முடியாது. அவசரத்தில் பட்டியலில் இல்லாத இடத்தில் சேர்ந்துவிட்டால்கூட, பில்களை வைத்து மாவட்ட ஆட்சியர் தலைமையில் இருக்கும் குழுவுக்கு மனுப் போட்டு பணம் கேட்கலாம். பட்டியலில் இல்லை என்கிற ஒரே காரணத்துக்காக மருத்துவச் செலவை மறுக்கக் கூடாது என்று 2018இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. அது மத்திய அரசில் ஓய்வு பெற்ற ஒருவரின் வழக்கு, ஆனாலும் நம்மவர்கள் போடுகிற வழக்குகளிலும் அதை எடுத்துக் காட்டுகிறார்கள். இதெல்லாம் எனக்குத் தெரிய வந்தது கை போன பிறகு.

அந்த மருத்துவமனையில் ஒரு எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் அதை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தது பத்து விநாடி இருக்கும். என் கையை அவர் தொடவே இல்லை. "எலும்புல ஒண்ணும் இல்ல, சுளுக்குத்தான்" என்றார். சுளுக்குக்கு எதற்கு அட்மிஷன் என்று கேட்டதற்கு, வாசலில் நின்ற அந்த ஆள், "அதெல்லாம் ஸ்கீம்ல வரும்ணே, நீங்க பேசாம படுங்க" என்றார். மூன்று நாள் படுக்க வைத்து டிரிப்ஸ் ஏற்றினார்கள். வெளிநோயாளியாகப் பார்த்து அனுப்பினால் காப்பீட்டில் பணம் வராது, படுக்க வைத்தால்தான் வரும். அந்த மூன்று நாளுக்கு வேறு காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

முதல் நாள் ராத்திரியே நான்கைந்து படிவம் கொண்டுவந்தார்கள். எல்லாம் வெற்றுப் படிவம். வலது கையில் கட்டுப் போட்டிருந்ததால் இடது கைப் பெருவிரலை மையில் அழுத்தி, அவர்களே பிடித்து உருட்டி எடுத்துக்கொண்டார்கள். டிஸ்சார்ஜ் அன்றைக்கு, ஸ்கீமில் வராத ஐட்டம் என்று 14,000 ரூபாய் கேட்டார்கள். என் மனைவி நகையை வைத்துக் கட்டினாள். ரசீது கேட்டதற்கு ஒரு வெள்ளைச் சீட்டில் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்தார்கள். அதில் மருத்துவமனைப் பெயர் இல்லை, நம்பர் இல்லை, சீல் இல்லை.

ஆறு வாரம் கழிந்தும் சாவியைப் பூட்டுக்குள் விட்டுத் திருப்ப முடியவில்லை. சோற்றைப் பிசைந்தால் மணிக்கட்டுக்குள் ஏதோ உரசுவது போல இருந்தது. என் மச்சான்தான் கோபப்பட்டு ஒரு நாள் காலையில் வண்டியில் ஏற்றி, மதுரை அரசு பெரியாஸ்பத்திரி எலும்பு ஓ.பி.க்குக் கூட்டிப்போனான். கூட்டம் எப்படி இருக்கும் என்று மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். ஆனால் அங்கே இருந்த சின்ன வயசு டாக்டர் எக்ஸ்ரேயைக் கேட்பதற்கு முன்னால் கையைக் கேட்டார். கட்டை விரலை விரித்து மேலே தூக்கச் சொன்னார். அப்படித் தூக்கும்போது விரலின் அடியில், மணிக்கட்டுப் பக்கம், ஒரு சின்னப் பள்ளம் விழும், நீங்களே தூக்கிப் பார்க்கலாம். அந்தப் பள்ளத்தில் ஒரே ஒரு விரலால் அழுத்தினார். நான் கத்திவிட்டேன். "ரெண்டு வாரம் கழிச்சுத் திரும்ப எக்ஸ்ரே எடுக்கச் சொல்லலையாண்ணே?" என்று கேட்டார். யாரும் சொல்லவில்லை.

அவர் விளக்கியதை அப்படியே எழுதுகிறேன், யாருக்காவது பயன்படும். அந்த இடத்தில் முந்திரிக்கொட்டை மாதிரி ஒரு சின்ன எலும்பு இருக்கிறது, ஸ்கேபாய்டு என்று பெயர். கையை ஊன்றி விழும்போது மணிக்கட்டின் சின்ன எலும்புகளில் உடைவது பெரும்பாலும் அதுதான், முதல் நாள் எக்ஸ்ரேயில் அந்த விரிசல் பல பேருக்குத் தெரியாது. அதனால் அந்தப் பள்ளத்தில் வலி இருந்தாலே எலும்பு முறிந்ததாக வைத்துக்கொண்டு கட்டுப் போட்டு, பத்துப் பதினாலு நாளில் மறுபடி எக்ஸ்ரே எடுப்பார்கள். அந்த எலும்புக்கு ரத்தம் விரல் பக்கத்திலிருந்து பின்னோக்கிப் போகிறது. நடுவில் உடைந்தால் உள்பக்கத் துண்டுக்கு ரத்தம் குறைந்து, அது சேராமலே போகலாம், செத்தும் போகலாம். எனக்குச் சேரவில்லை. இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் எடுத்து வைத்து, ஸ்குரூ போட்டு, அங்கேயே ஆபரேஷன் செய்தார்கள். பத்துப் பைசா கேட்கவில்லை.

அடுத்த அடி லீவில் விழுந்தது. கடமையில் அடிபட்டவர்களுக்கு அரசு ஊழியர் பணி விதிகளில் அடிப்படை விதி 83, 83-ஏ என்று இரண்டு விதி இருக்கிறது, ஸ்பெஷல் டிசெபிலிட்டி லீவ் என்பார்கள், அதிகபட்சம் 24 மாதம். அதற்கு அடி வேலையில்தான் பட்டது என்று காட்ட வேண்டும், பாதிப்பு மூன்று மாதத்துக்குள் வெளிப்பட்டிருக்க வேண்டும், நாமும் உடனே தெரியப்படுத்தியிருக்க வேண்டும். எனக்கு எல்லாமே பொருந்தும் என்று நம்பி மனுக் கொடுத்தேன். திருப்பி அனுப்பினார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் "வீட்டில் வழுக்கி விழுந்தார்" என்று இருக்கிறதாம். ஆங்கிலத்தில் இருந்த அந்த ஒரு வரியை நான் படிக்கவே இல்லை. டியூட்டியில் அடிபட்டது என்று எழுதினால் கேள்வி வரும், வேலை இழுக்கும் என்று அவர்களே வசதிக்கு எழுதிக்கொண்டார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

முழு கேஸ் ஷீட்டைக் கேட்டேன். மூன்று வாரம் நாளைக்கு வாருங்கள், நாளைக்கு வாருங்கள் என்றே ஓட்டினார்கள். அப்புறம் வக்கீல் ஒருவர் சொல்லி, 2002ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் ஒழுங்குமுறை விதிகளின்படி நோயாளி கேட்டால் 72 மணி நேரத்தில் ஆவணங்களைத் தர வேண்டும் என்று ஒரு பக்கம் எழுதிப் பதிவுத் தபாலில் போட்டேன். உடனே கூப்பிட்டுக் கொடுத்தார்கள். அதில் நான் ஐந்து நாள் உள்நோயாளியாக இருந்ததாக எழுதியிருந்தது. இருந்தது மூன்று நாள். கீழே என் பெருவிரல் ரேகை.

ஆபீஸில் எனக்குப் பெயர் சொன்னவர் கமிஷன் வாங்கினாரா என்று என்னால் நிரூபிக்க முடியாது, அதனால் அப்படிச் சொல்லவில்லை. அதே வருடத்தில் இன்னும் மூன்று பேரை அதே இடத்துக்கு அனுப்பியிருக்கிறார், இது மட்டும் எனக்கு உறுதியாகத் தெரியும். வேறு எங்கும் போகக் கூடாது என்பதை எழுத்தில் கொடுங்கள் சார் என்று பின்னால் கேட்டேன். தரவில்லை. அன்றைக்கு போனிலேயே இதைக் கேட்டிருக்க வேண்டும்.

லீவ் விஷயத்தில் என்னைக் காப்பாற்றியது அன்றைய வேலை டைரியும், மனுதாரருக்கு அனுப்பிய அளவை நோட்டீஸும், தலையாரி அண்ணன் எழுதிக் கொடுத்த வாக்குமூலமும்தான். அதற்குள் என் ஈட்டிய விடுப்பில் பாதி கரைந்திருந்தது, திரும்பச் சேர்க்க இன்னும் கடிதம் போய்க்கொண்டிருக்கிறது. அரசு மருத்துவமனைக்குப் போயிருந்தால் விபத்துப் பதிவேட்டில், ஏ.ஆர். என்பார்கள், அதில் எங்கே, எப்படி, எத்தனை மணிக்கு என்று ஏறியிருக்கும். அந்த ஏ.ஆர். காப்பி ஒன்று கையில் இருந்திருந்தால் இத்தனை பேரிடம் போய் நின்றிருக்க வேண்டாம்.

போன மாதம் உசிலம்பட்டிப் பக்கம் வேலை பார்க்கும் தம்பி ஒருவன் பைக்கிலிருந்து விழுந்து, ரோட்டோரத்தில் உட்கார்ந்தபடியே எனக்கு போன் போட்டான். "ஆபீஸுக்குச் சொல்லிட்டியா?" என்று கேட்டேன். "இன்னும் இல்லண்ணே" என்றான். முதலில் பக்கத்து அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் ஏ.ஆர். போடு, டியூட்டியில் போகும்போது விழுந்தேன் என்று உன் வாயால் சொல்லி அப்படியே எழுதுகிறார்களா என்று பார், வெற்றுப் பேப்பரில் கை வைக்காதே, அப்புறம் ஆபீஸுக்குச் சொல், எந்த டாக்டர் என்பதை மட்டும் அவர்களிடம் கேட்காதே என்றேன். சாயங்காலம் ஏ.ஆர். காப்பியை போட்டோ எடுத்து அனுப்பியிருந்தான். இடம், நேரம், டியூட்டி, எல்லாம் சரியாக இருந்தது.