டெக்லாவா, எஸ்.டி.எஸ்.-2-வா, ஆட்டோகேடே போதுமா? ரிவிஷன் வரும்போது தெரியும் சேதி

ஸ்டீல் டிடெயிலிங்குக்கு, அதாவது இரும்புக் கட்டடத்தின் ஒவ்வொரு துண்டுக்கும் பட்டறை டிராயிங் போடும் வேலைக்கு, எந்த சாஃப்ட்வேர் நல்லது என்று கேட்டால், மாடல் எவ்வளவு வேகமாக ஏறும் என்பதைத்தான் முதலில் சொல்வார்கள். டெமோ காட்ட வருகிறவரும் அதையே காட்டுவார். கிரிட் (அளவுக் கோடுகள்) போட்டு, காலம் (தூண்) நிறுத்தி, பீம் (உத்திரம்) இழுத்து, ஒரே கிளிக்கில் கனெக்‌ஷன் விழுந்ததும் நம் முகத்தைப் பார்ப்பார். அந்த வேகம் நிஜம்தான். ஆனால் ஆபீசில் நேரம் போவது அங்கே இல்லை. அப்ரூவலுக்கு அனுப்பிய டிராயிங் சிவப்பு மையோடு திரும்பி வரும். கூடவே ஆர்க்கிடெக்ட் ஒரு கிரிட்டை ஆறு இன்ச் நகர்த்தியிருப்பார். பாதி டன்னேஜ் அதற்குள் ஷாப்புக்கு, அதாவது தயாரிக்கும் பட்டறைக்கு, போயிருக்கும். காசு கரைவது அந்த இடத்தில்தான். அதனால் எனக்கு அளவுகோல் ஒன்றே ஒன்று: ரிவிஷன் வந்தால் எது கைகொடுக்கிறது, எது காலை வாருகிறது?

நம்ம திருநெல்வேலிப் பக்கம் இந்தத் தொழிலுக்கு இரண்டு முகம். பாளையங்கோட்டை, பெருமாள்புரம் மாடிகளில் ராத்திரி ஷிப்ட் போட்டு அமெரிக்க வேலை பார்ப்பவர்கள் ஒரு பக்கம். இவர்களுக்கு அடியும் இன்ச்சும்தான் தாய்மொழி. முக்கால் இன்ச் போல்ட்டுக்கு 13/16 துளை என்பது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். இன்னொரு பக்கம், பேட்டை, கங்கைகொண்டான், வள்ளியூர்ப் பட்டறைகளுக்கு ஷெட், குடோன், ரைஸ் மில் டிராயிங் போட்டுத் தருபவர்கள். இந்த இரண்டு பேருக்கும் ஒரே சாஃப்ட்வேரைச் சிபாரிசு செய்கிறவர் விற்க வந்தவராகத்தான் இருப்பார்.

களத்தில் நிற்பவை நான்கு. டெக்லா, பின்லாந்தில் எக்ஸ்ஸ்டீல் என்ற பெயரில் வளர்ந்து 2004-ல் டெக்லா ஸ்ட்ரக்சர்ஸ் ஆனது. 2011-ல் டிரிம்பிள் வாங்கியது. எஸ்.டி.எஸ்.-2, அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் டிசைன் டேட்டா உருவாக்கியது; 2014-ல் ஜெர்மனியின் நெமெட்செக் குழுமத்திடம் போனது. அட்வான்ஸ் ஸ்டீலை 2013-ல் கிரைடெக்கிடமிருந்து ஆட்டோடெஸ்க் வாங்கியது. நான்காவது, எல்லோருக்கும் தெரிந்த ஆட்டோகேட் 2டி, கூடவே யாரோ எப்போதோ எழுதி வைத்த நாலு லிஸ்ப் (ஆட்டோகேடுக்குள் ஓடும் குட்டி புரோகிராம்).

மார்க் மாறினால் என்ன ஆகும்

ஒரு மாடலில் ஒரே மாதிரி எட்டு பீம். எட்டுக்கும் பி12 என்று ஒரே மார்க் (துண்டின் அடையாள எண்), ஒரே ஷீட், எண்ணிக்கை 8. டிராயிங் ஷாப்புக்குப் போய்விட்டது. இப்போது ரிவிஷனில் ஒரு பீமில் மட்டும் பைப் போக ஒரு துளை வேண்டும் என்கிறார்கள்.

டெக்லாவில் துளையைப் போட்டு நம்பரிங் (மார்க் எண் போடும் கட்டளை) ஓட்டினால், அந்த ஒரு பீம் தனியாகப் பிரிந்து புது மார்க் வாங்கும். பி12-ன் எண்ணிக்கை 7 ஆகும். ஆக, ஒரு துளைக்கு இரண்டு ஷீட்: புது மார்க்குக்குப் புது டிராயிங், பழைய பி12-க்கு எண்ணிக்கை மாறிய ரிவிஷன். புதியவர்கள் முதலாவதை அனுப்பிவிட்டு இரண்டாவதை மறந்துவிடுவார்கள். ஷாப்பில் எட்டு பி12-ம் தயாராகும், கூடவே புது பீம் ஒன்றும் தயாராகும். மொத்தம் ஒன்பது பீம், நிற்க இடம் எட்டு.

எட்டு பீமிலும் துளை என்றால் கதை வேறு. நம்பரிங் செட்டிங்கில், மாறிய பார்ட்டுகளுக்கு முடிந்தவரை பழைய எண்ணையே வை என்று சொல்லியிருந்தால் பி12 அப்படியே இருக்கும். ரிவிஷன் மட்டும் ஏறும். புது எண் எடு என்று விட்டிருந்தால் எட்டும் வேறு மார்க்குக்கு ஓடிவிடும். விட்டுப்போன பழைய எண்களை மறுபடி எடுத்துக்கொள்ளும் ஒரு டிக் பாக்ஸும் அங்கே உண்டு. ஷாப்புக்கு ஒரு ஷீட் போன பிறகு அதைத் தொடவே கூடாது. நேற்றுவரை கேன்டிலீவருக்கு இருந்த மார்க் இன்று ஒரு ஸ்டிஃப்னர் பீமுக்கு வந்து நின்றால், ஷாப்பில் கிடக்கும் பழைய காகிதம் வேறு கதை சொல்லும். நம்பரிங் செட்டிங்கை ஜாப் ஆரம்பத்தில் சீனியர் ஒருவர் பூட்டிவிட்டு, யாரும் கை வைக்கக்கூடாது என்று சொல்வது நல்லது.

இதில் டெக்லாவின் பலம், இஷ்யூ செய்த டிராயிங் பின்னால் மாறினால் டிராயிங் லிஸ்டில் கொடி காட்டும். பலவீனம், அது காட்டும், நாம்தான் பார்க்க வேண்டும். பல பேர் ஒரே மாடலில் வேலை பார்க்கும்போது ஒருவர் சேவ் செய்து நம்பரிங் ஓட்ட, இன்னொருவர் பாதி வேலையில் இருப்பார். அதனால் நம்பரிங் ஓட்டுகிறவர் ஒருவராக மட்டும் இருக்க வேண்டும். இதில் நான் கறார்.

எஸ்.டி.எஸ்.-2-விலும் இதே மார்க் தத்துவம்தான். ஆனால் அங்கே வேறொரு சிக்கல் முன்னால் வந்து நிற்கும். ஒரு பீமைத் தொட்டு ப்ராசஸ் செய்தால், அதோடு சேர்ந்த கனெக்‌ஷன்களையும் அது மறுபடி டிசைன் செய்யும். கையால் ஒரு பிளேட்டை வெட்டி, ஒரு போல்ட்டை நகர்த்தி வைத்திருந்தால், பூட்டி வைக்காதவரை அந்தக் கைவேலை காணாமல் போகலாம். டெக்லாவிலும் கம்போனென்ட்டை, அதாவது அதன் ரெடிமேட் கனெக்‌ஷனை, திறந்து மாடிஃபை கொடுத்தால் அதற்குள் கையால் செய்தது போகும்தான். ஆனால் அங்கே தொட்ட கனெக்‌ஷனோடு நின்றுவிடும். எஸ்.டி.எஸ்.-2-வில் பக்கத்து வீட்டுக்கும் பரவும்.

கனெக்‌ஷனை யார் யோசிப்பது

இரண்டுக்கும் உண்மையான வித்தியாசம் இங்கேதான். அமெரிக்க ஏ.ஐ.எஸ்.சி. (ஸ்டீல் கட்டுமான நிறுவனம்) நடைமுறை விதியில் கனெக்‌ஷன் பொறுப்பை மூன்று விதமாகப் பிரித்திருக்கிறார்கள். ஒன்று, எஞ்சினியரே முழுசாகக் கொடுத்துவிடுவார். இரண்டு, அவர் தரும் டேபிளிலிருந்து டிடெயிலர் எடுப்பார். மூன்று, ஃபேப்ரிகேட்டர் பக்கத்து லைசென்ஸ் எஞ்சினியர் டிசைன் செய்வார். முதல் வகை ஜாப் என்றால் டெக்லா போதும். மூன்றாவது வகையில் எஸ்.டி.எஸ்.-2 தன் வேலையைக் காட்டும். பீமின் முனையில் வரும் விசையை, அதாவது எண்ட் ரியாக்‌ஷனைக் கொடுத்தால் போல்ட் எத்தனை, ஆங்கிள் தடிமன் எவ்வளவு, பிளாக் ஷியர் (போல்ட் வரிசையோடு ஒரு துண்டு கிழிந்து வருவது) தாங்குமா என்று கணக்குப் போட்டு, சமன்பாடுகளோடு பக்கம் பக்கமாக ரிப்போர்ட் தரும். தாங்கவில்லை என்றால் அதையும் சொல்லும். ரியாக்‌ஷன் கொடுக்காத பீமுக்கு அது தானாக ஒரு லோடு எடுத்துக்கொள்ளும். அதைக் கவனிக்காமல் விட்டால் சின்ன பீமில் தேவையில்லாத போல்ட் வரிசை நிற்கும். டெக்லாவின் கம்போனென்ட் 143, இரண்டு பக்க கிளிப் ஆங்கிள் (பீமைப் போல்ட் போட்டு இணைக்கும் எல் வடிவத் துண்டு), நாம் சொன்ன போல்ட்டைப் போடும்; போதுமா என்று கேட்கும் வேலை நம்முடையது, அல்லது எஞ்சினியருடையது.

ஓர் இடத்தைக் கிட்டே போய்ப் பார்ப்போம். காலமின் வெப்பில் (நடுத் தகட்டில்) இரண்டு பக்கமும் எதிரெதிரே இரண்டு பீம். இரண்டுக்கும் கிளிப் ஆங்கிள், ஒரே துளை வழியே ஒரே போல்ட். டிராயிங்கில் அழகாக இருக்கும். மேலே ஏறி நிற்கும் எரெக்டருக்கோ, முதல் பீமை மாட்டியபின் இரண்டாவதை மாட்ட அந்த நட்டுகளைக் கழற்ற வேண்டும். கழற்றினால் முதல் பீம் எதைப் பிடித்து நிற்கும்? அமெரிக்காவின் ஓஷா (தொழிலிடப் பாதுகாப்பு அமைப்பு) விதிகளில் ஸ்டீல் எரெக்‌ஷனுக்கான பகுதி, இந்த மாதிரி இடத்தில் குறைந்தது ஒரு போல்ட், ஸ்பானரால் இறுக்கிய நட்டோடு முதல் பீமைப் பிடித்திருக்க வேண்டும் என்கிறது. இல்லையென்றால் கீழே சீட் (பீம் உட்காரும் தாங்கி) மாதிரி ஏதாவது கொடுக்க வேண்டும். தீர்வு எளிது: ஒரு பக்க ஆங்கிளை ஒரு போல்ட் இறக்கி வைப்பது, அல்லது ஆங்கிளில் ஒரு மூலையை வெட்டி முதல் பீமின் போல்ட்டை மட்டும் தனியாக விடுவது, அல்லது சீட் ஆங்கிள்.

எஸ்.டி.எஸ்.-2-வில் இதை ஒரு செட்டிங்காகச் சொல்லிவிடலாம். மாடல் முழுக்க அது கவனித்துக்கொள்ளும். டெக்லாவில் மாடலர் நினைவில் வைத்துக் கம்போனென்ட் டயலாக்கில் போட வேண்டும், அல்லது அதற்கென்று கஸ்டம் கம்போனென்ட் செய்து வைத்திருக்க வேண்டும். மறந்தால் அது பாட்டுக்கு இரண்டு பக்கமும் ஒரே துளையைப் போட்டுவிட்டு அமைதியாக இருக்கும். கிளாஷ் செக்கிலும் வராது, ஏனென்றால் எதுவும் எதிலும் இடிக்கவில்லை. எங்கள் செக்கிங் லிஸ்டில் இதற்குத் தனி வரி உண்டு: காலம் வெப், இரு பக்கம், சேஃப்டி. அமெரிக்க கமர்ஷியல் பில்டிங், மாடி மேல் மாடி, ஒரே மாதிரி கனெக்‌ஷன் என்றால் எஸ்.டி.எஸ்.-2 பக்கமே என் ஓட்டு.

ஆனால் கன்வேயர் கேலரி, ஹாப்பர், படிக்கட்டு, சரிவும் கோணலும் சேர்ந்த ஹிப் ரூஃப் என்று வந்தால் டெக்லாவைத் தவிர எதையும் தொட மாட்டேன். பிளேட்டை எந்தக் கோணத்திலும் நிறுத்தலாம், கஸ்டம் கம்போனென்ட்டில் வேரியபிள் கொடுத்து ஒருமுறை யோசித்ததைப் பல இடத்தில் போடலாம். கிரிட் ஆறு இன்ச் நகர்ந்ததா? கிரிட்டின் காந்தப் பரப்போடு பிணைத்த காலமும் பீமும் கூடவே வரும், அவற்றின் கனெக்‌ஷனும் வரும். கையால் வைத்த பிளேட் மட்டும் பழைய இடத்திலேயே அனாதையாக நிற்கும். அதனால்தான், ஒரே ஓர் இடத்துக்குத்தானே என்று லூஸ் பிளேட் வைக்கிற பையன்களைச் செக்கர் திட்டுவது. கூடவே, சி ஷார்ப் தெரிந்த ஒருத்தர் ஆபீசில் இருந்தால் டெக்லாவின் ஓப்பன் ஏ.பி.ஐ. (வெளிப் புரோகிராம் உள்ளே வர வைத்த வழி) வைத்து ரிவிஷன் லிஸ்ட், போல்ட் லிஸ்ட் ஒப்பீடு எல்லாம் சின்ன டூலாகச் செய்துவிடலாம். எஸ்.டி.எஸ்.-2-வில் அதற்குப் பைத்தான்.

அட்வான்ஸ் ஸ்டீல்

இதைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. ஆட்டோகேடுக்குள்ளேயே ஓடுவதால் கேட் தெரிந்த கை சீக்கிரம் பழகும். ஏற்கனவே ஆட்டோடெஸ்க் ஏ.இ.சி. கலெக்‌ஷன் வாங்கியிருந்தால் அதற்குள்ளேயே இருக்கிறது, தனிச் செலவில்லை. இரண்டு பேர், சின்ன பிளாட்ஃபார்ம், படிக்கட்டு, கைப்பிடி வேலை என்றால் நன்றாகவே ஓடும். நாலைந்து பேர் ஒரே மாடலில் இறங்கினால் மூச்சு வாங்கும். பெரிய ஜாப்பை இதில் எடுக்க எனக்குத் தைரியமில்லை.

பேட்டைப் பட்டறைக்கு எது

போன வாரம் ஒரு பட்டறை அண்ணாச்சி கேட்டார்: "தம்பி, எல்லாரும் த்ரீடி த்ரீடிங்கியளே, எனக்கும் அதை வாங்கிப் போடட்டா?" அவர் பட்டறையில் இருப்பது கேஸ் கட்டிங், மேக் டிரில், நாலு வெல்டிங் செட். சி.என்.சி. பீம் லைன் கிடையாது. டெக்லா சி.என்.சி. மெஷினுக்குக் கொடுக்கும் டி.எஸ்.டி.வி. ஃபைலை அவர் என்ன செய்வார்? "வேண்டாம் அண்ணாச்சி, கேட் போதும், ஆனா லிஸ்ட்டை ஒழுங்காப் போடுங்க" என்றேன்.

ஷெட் வேலையில் பட்டறைக்கு வேண்டியது மூன்றே விஷயம். கஸெட் பிளேட்டுக்கு (மூட்டுத் தகடு) ஒன்றுக்கு ஒன்று அளவில் டெம்ப்ளேட். 12 மீட்டர் நீளத்தில் எதை எங்கே வெட்டினால் துண்டு மிச்சம் குறையும் என்ற கட்டிங் லிஸ்ட். எடை. எம்.எம்.முக்கு சதுர மீட்டருக்கு 7.85 கிலோ என்ற பிளேட் கணக்கு எல்லோருக்கும் தெரியும், 10 எம்.எம். என்றால் 78.5. எக்செல்லில் இதை ஒழுங்காகப் போட்டால் பணம் மிச்சமாவது கண்ணுக்குத் தெரியும்.

இந்திய செக்‌ஷனில் எந்த சாஃப்ட்வேரையும் கண்ணை மூடி நம்பக்கூடாத இடம் ஒன்று உண்டு. ஐ.எஸ்.எம்.பி. என்ற இந்திய ஐ-பீமின் ஃபிளாஞ்ச் (மேல், கீழ்த் தகடு) உள்முகம் சரிவு. கேட்டலாகில் யாரோ அதை நேர் ஃபிளாஞ்சாகப் போட்டிருந்தால் மாடலில் வாஷர் அழகாகப் படிந்து உட்காரும். சைட்டில் ஒரு ஓரம் மட்டும் தொடும், போல்ட் வளையும். டேப்பர் வாஷர் என்று போல்ட் லிஸ்டில் தனி வரி எழுத வேண்டும். துளை மையத்திலிருந்து பிளேட் ஓரம் வரை உள்ள தூரமும் அப்படித்தான். இந்திய ஸ்டீல் விதி ஐ.எஸ். 800:2007 படி, எம்20 போல்ட்டுக்குத் துளை 22 எம்.எம்.; மெஷினில் வெட்டிய ஓரத்துக்குத் துளையின் 1.5 மடங்கு, அதாவது 33. ஷியரிங் அல்லது கையால் கேஸ் கட் செய்த ஓரத்துக்கு 1.7 மடங்கு, அதாவது 37.4. நம்ம பட்டறைகளில் கைக் கட்டிங்தான் அதிகம். டீஃபால்ட்டில் 35 போட்டுத் தரும் கம்போனென்ட் இங்கே பாஸாகாது, 40 போட்டுவிடுங்கள்.

பணகுடி, காவல்கிணறு பக்கம் ஆனி, ஆடிக் காற்றில் டிரஸ் நிறுத்துகிறவருக்கு இன்னொரு தாளும் வேண்டும்: எந்த பே-யை (இரண்டு டிரஸ்ஸுக்கு இடைப்பட்ட பகுதி) முதலில் நிறுத்தி பிரேசிங் முழுக்க மாட்டுவது, அதற்குப் பிறகு எது. டெக்லாவில் ஃபேஸ் (கட்டம்) பிரித்து வண்ணம் கொடுத்து வியூ எடுத்துவிடலாம். கேடில் ஒரு பிளானை நகலெடுத்துக் கையால் எண் போட்டாலும் அதே பலன்தான். பெரும்பாலான ஷெட் டிராயிங்கில் இரண்டுமே இருப்பதில்லை.

ரிவிஷன் என்று வந்தால் 2டி படுதோல்வி. பீம் நீளம் மாறினால் எலிவேஷன், பிளான், லிஸ்ட், டெம்ப்ளேட் நான்கையும் கையால் மாற்ற வேண்டும், ஒன்று விட்டுப்போகும். ஆனால் ஷெட் வேலையில் ரிவிஷன் அபூர்வம். அண்ணாச்சியே முதலாளி, அண்ணாச்சியே எஞ்சினியர். மாறினால் சுண்ணாம்புக் கட்டியால் தரையில் வரைந்து மாற்றிவிடுவார். ரைஸ் மில்லில் எலிவேட்டர், கேட்வாக் என்று மெஷின் சப்ளையர் மாதத்துக்கு ஒரு டிராயிங் அனுப்ப ஆரம்பித்தால் மட்டும் 3டிக்குப் போவது லாபம்.

வாங்கும் முன்

இப்போதுதான் படித்து முடித்து வரும் பிள்ளைகள் எதைக் கற்பது என்று கேட்டால், டெக்லா. நம்மூர் ஆபீஸ் வேலைகளில் பெரும்பாலும் அதுதான் கேட்கிறார்கள். எஸ்.டி.எஸ்.-2 தெரிந்த ஆள் கிடைப்பது கஷ்டம், அதனாலேயே தெரிந்தவருக்கு மதிப்பு அதிகம்.

ஆபீஸ் வைத்திருப்பவர்கள் ட்ரையல் லைசென்ஸ் வாங்கியதும் புது மாடல் கட்டிப் பார்க்காதீர்கள். ஏற்கனவே முடித்த ஒரு ஜாப்பை எடுங்கள், சிவப்பு மை அதிகம் விழுந்ததாக. அப்ரூவல் நிலையில் அந்த மாடலை உருவாக்கி, டிராயிங் எடுத்து இஷ்யூ என்று குறித்துவிடுங்கள். பிறகு அந்த ஜாப்பில் உண்மையில் வந்த இரண்டாவது ரிவிஷனை வரிவரியாக உள்ளே போடுங்கள். எத்தனை மார்க் மாறியது, எத்தனை ஷீட்டில் டைமன்ஷன் கலைந்தது, கையால் வைத்த எத்தனை பிளேட் பழைய இடத்திலேயே நின்றது என்று எண்ணிப் பார்த்துவிட்டுக் கொட்டேஷனைப் பேசுங்கள்.