கல்கிசைக் கடற்கரை வீடு: ஆகஸ்ட்டில் குடும்பத்தோடு எடுக்க நினைப்பவர்களுக்கு

கொழும்புக்குப் பக்கத்தில் கல்கிசையில் வாடகைக்கு விடும் இந்த வீட்டின் விளம்பரப் படங்களில் தெரிகிற அந்த அமைதியான நீலக் கடலைப் பார்த்துவிட்டு ஆகஸ்ட்டில் பதிவு செய்யாதீர்கள். அது டிசம்பருக்கும் மார்ச்சுக்கும் இடையில் எடுத்த படம், கடலைப் பார்த்தாலே தெரியும். மே தொடக்கம் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும் காலத்தில் கொழும்பிலிருந்து காலி வரைக்கும் இந்தக் கரை முழுக்கத் தண்ணீர் கலங்கி, அலை உயர்ந்து வந்து குத்தி விழும். கனடாவிலும் லண்டனிலும் பிள்ளைகளுக்கு விடுமுறை விடுவது சரியாக அந்த மாதங்களில்தான். அவ்வளவு தூரத்திலிருந்து டிக்கெட் போட்டு வருகிற குடும்பங்களுக்கு இதைச் சொல்லாமல் வீட்டைக் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. விளம்பரத்தில் ஒரு வரி எழுதினால் போதும்.

கடலில் இறங்கிக் குளிப்பதுதான் முக்கியம் என்றால் அந்த நேரத்தில் திருகோணமலையில் நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் போங்கள், அங்கே கடல் குளம் மாதிரிக் கிடக்கும். நாங்கள் அது தெரிந்தும் கல்கிசையை எடுத்ததற்குக் காரணம், அம்மம்மாவால் திருகோணமலை வரைக்கும் வான் வண்டியில் இருக்க முடியாது, கனடா ஸ்காபரோவிலிருந்து வந்த சித்தி குடும்பத்துக்கோ வெள்ளவத்தையில் சொந்தக்காரர் வீடுகளுக்குப் போய்வர வேண்டும். கல்கிசையிலிருந்து ரயிலில் ஏறினால் தெஹிவளை, அடுத்தது வெள்ளவத்தை. காலி வீதிக்கு நடந்து போனால் 100, 101 பஸ் வந்துகொண்டே இருக்கும். ஆக, எங்களுக்குத் தேவைப்பட்டது எல்லோரும் ஒன்றாகச் சமைத்துச் சாப்பிட்டு, பின்னேரம் காற்று வாங்கக்கூடிய ஒரு வீடு.

அந்தக் கணக்கில் இது மிக நல்ல வீடு. முக்கியமாகக் குசினி. வாடகைக்கு விடும் கடற்கரை வீடுகளில் பெரும்பாலும் ஒரு கேத்தலும் மைக்ரோவேவும் நான்கைந்து கண்ணாடிக் கிளாசும் வைத்துவிட்டு அதைக் குசினி என்பார்கள், பத்துப் பன்னிரண்டு பேருக்கு அதில் தேத்தண்ணிகூட ஊற்ற முடியாது. இங்கே பெரிய கேஸ் அடுப்பு, நிறைந்த சிலிண்டர், மேலதிகமாக இன்னொன்று, திருவலை, இடியப்ப உரலும் தட்டுகளும், பெரிய சோற்றுப் பானை எல்லாம் இருந்தன. பின்பக்கம் மீன் வெட்டிக் கழுவத் தண்ணீர்க் குழாயோடு ஒரு சீமெந்துத் திட்டு வேறு. இதைக் கட்டியவர் வீட்டில் சமைத்துப் பழகியவராகத்தான் இருக்க வேண்டும். மீன் தெஹிவளையில் வாங்கினோம். கடல் கொந்தளிக்கும் காலத்தில் சிறு வள்ளங்கள் அதிகம் இறங்காது என்பதால் விலை கூடத்தான், ஆனாலும் கடையில் எடுத்துச் சாப்பிடுவதோடு ஒப்பிட்டால் பாதிச் செலவும் வராது. வெள்ளிக்கிழமை அம்மம்மா சைவம். மச்சம் படாத சட்டி ஒன்று கிடைக்குமா என்று கேட்டதற்கு, வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அக்கா புதிய மண்சட்டி ஒன்றையே வாங்கிக்கொண்டு வந்து தந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, அம்மாதான் சிங்களத்தில் விளக்கினார். இரண்டு பேரும் அதற்குப் பிறகு தினமும் பின்வாசலில் இருந்து கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

இனி, விளம்பரத்தில் இல்லாத பெரிய விஷயம். 'கடற்கரைக்கு ஒரு நிமிட நடை' என்பது உண்மை, ஆனால் அந்த ஒரு நிமிடத்துக்குள் கரையோர ரயில் பாதையைக் கடக்க வேண்டும். இரட்டைத் தண்டவாளம். ஒரு ரயில் போய்விட்டதே என்று பிள்ளைகள் ஓடும்போது அதன் மறைவில் எதிர்ப்பக்கத்து ரயில் வந்துகொண்டிருக்கலாம், அலை பெரிதாக இருக்கும் நாட்களில் வருகிற சத்தமும் சரியாகக் கேட்காது. காலையும் மாலையும் அலுவலக நேரத்தில் ரயில்கள் அடுத்தடுத்து வரும். கொழும்புப் பிள்ளைகளுக்கு இது பழக்கம், வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு இல்லை. பின்பக்கக் கேற்றின் கொண்டி நான்கு வயதுப் பிள்ளை எட்டித் திறக்கும் உயரத்தில் இருக்கிறது. மேலே ஒரு கொண்டி போடச் சொல்லி வந்த அன்றே வீட்டுக்காரரிடம் கேட்டோம், சரி சரி என்றார், நாங்கள் கிளம்பும்வரை போடவில்லை. நாங்களே கயிற்றால் கட்டி வைத்தோம். இந்த வீட்டுக்கு மதிப்பீட்டில் நட்சத்திரம் குறைத்ததற்கு இதுதான் காரணம், வேறொன்றும் இல்லை. சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்கள் காசு கட்டுவதற்கு முன்பே அந்தக் கொண்டி பற்றிக் கேளுங்கள், படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

அறைகள் நான்கு. கீழே ஒன்று, பக்கத்திலேயே குளியலறை, படி ஏறத் தேவையில்லாததால் வயதானவர்களுக்கு வசதி. மேலே மூன்றுக்கும் ஏசி, நுளம்பு வலை எல்லாவற்றுக்கும் உண்டு, மெத்தை பரவாயில்லை. உப்புக் காற்றில் யன்னல் கொளுக்கிகள் துருப்பிடித்து இறுகிக் கிடக்கின்றன, மேலறை ஒன்றில் யன்னல் திறக்கவே இல்லை. கடலோரத்தில் வீடு வைத்திருப்பவர் வருடத்துக்கு ஒருமுறையாவது இவற்றை மாற்றத்தான் வேண்டும். பிளக் பொயின்ட்கள் பழைய வட்ட முனை, லண்டன் சார்ஜர் நேரே ஏறாது, அடப்டர் கொண்டுபோங்கள்.

கரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2020இல் இங்கே மண் கொட்டிக் கரையை அகலப்படுத்தினார்கள், அதில் பெரும்பகுதியைக் கடல் திரும்பக் கொண்டுபோனது. நாங்கள் போனபோது மணல் ஒடுங்கித்தான் இருந்தது, நடக்கலாம், பட்டம் விடலாம். சிவப்புக் கொடி ஏற்றியிருந்தால் முழங்கால் அளவுத் தண்ணீர்தானே என்று இறங்க வேண்டாம், அலை திரும்பிப் போகும்போது காலுக்குக் கீழே மண்ணையும் சேர்த்து இழுக்கும். உயிர்காப்புப் பொலிசார் விசில் அடித்தால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மேலே வந்துவிடுங்கள். எங்கள் பெடியங்கள் முதல் நாள் முகம் சுளித்தார்கள், அப்புறம் மேல்மாடி விறாந்தையில் காட்ஸ் விளையாடிக்கொண்டு, மேற்குப் பார்த்த கரை என்பதால் சூரியன் நேரே கடலுக்குள் இறங்குவதைப் பார்க்க ஆறு மணிக்குத் தாங்களாகவே கதிரைகளை இழுத்துப் போட்டார்கள். மழை இல்லாத நாளில் அந்த விறாந்தைக்காகவே இந்த வீட்டை எடுக்கலாம்.

நாங்கள் எடுத்தபோது வாடகை இரவுக்கு 45,000 ரூபாய். எங்கள் கூட்டத்துக்கு ஹோட்டலில் நான்கு அறை எடுப்பதைவிட நிச்சயம் குறைவு. ஆனால் கறண்ட் மீட்டர் பார்த்துத் தனியாக எடுக்கிறார்கள், சாவி வாங்கும்போதே மீட்டரைப் படம் எடுத்து வையுங்கள். போயா என்கிற பௌர்ணமி விடுமுறை சேர்ந்து வரும் நீண்ட வார இறுதிகளில் வாடகை ஏறும், போயாவன்று இறைச்சிக் கடைகளும் பூட்டு, முதல் நாளே வாங்கிவிடுங்கள். முற்றத்தில் ஒரு வான் மட்டுமே நிற்கும். இரண்டாவது வாகனத்தில் வருகிறவர்கள் ஒழுங்கையில் பக்கத்து வீட்டுக் கேற்றை மறிக்காமல், காலி வீதிப் பக்கமாக நிறுத்திவிட்டு நடந்து வருவது நல்லது.