பிஎஸ்5 (சோனியோட பிளேஸ்டேஷன் 5 கேம் மெஷின்) வாங்கி நாலு வருஷத்துக்கு மேல ஆச்சு, டிஸ்க் டிரைவ் பத்தி மட்டும் சொல்றேன்

போன வாரம் மச்சான் வாட்ஸப்ல கேட்டான், "மாமா, பிஎஸ்5 வாங்கலாம்னு இருக்கேன், டிஸ்க் டிரைவ் இருக்கறதா இல்லாததா, ஒரே வார்த்தைல சொல்லுங்க"ன்னு. ஒரே வார்த்தைல எப்படிச் சொல்றது. அவன் கேட்டப்போ என் டிரைவ் ரிப்பேர் முடிஞ்சு வந்து ரெண்டு நாள்தான் ஆகியிருந்துச்சு, மூணு வாரமா மனசுல என்னென்னவோ ஓடிக்கிட்டு இருந்துச்சு, அதை எல்லாம் அவனுக்கு வாய்ஸ் மெசேஜ்ல சொல்ல முடியாது, அதான் இங்க எழுதறேன்.

என்ன ஆச்சுன்னா, என் மகளுக்கு அஞ்சு வயசு, எம்ஆர்டில, அதாவது சிங்கப்பூர் மெட்ரோ ரயில்ல, கார்டு தட்டி உள்ள போறதுன்னா உயிரு. ஒரு ஞாயித்துக்கிழம காலைல அவ அம்மாவோட ஈசி லிங்க் கார்ட எடுத்துட்டு வந்து பிஎஸ்5ல டிஸ்க் போடற வாய்ல தட்டிப் பாத்திருக்கா, ஒண்ணும் திறக்கல, உள்ளயே தள்ளிட்டா. நான் நைட் ஷிஃப்ட் முடிச்சுத் தூங்கிட்டு இருந்தேன். எந்திரிச்சு வந்து விஷயம் தெரியாம எல்டன் ரிங் டிஸ்க்க விட்டேன், பாதி போயி கரகரன்னு ஒரு சத்தம், அவ்ளோதான். கார்டு எங்கன்னு வீட்டம்மா தேட ஆரம்பிச்சப்போதான் மகள் வந்து கைய நீட்டிக் காட்டினா. அவளத் திட்ட மனசு வரல.

ஒரு மால்ல மூணாவது மாடில சின்ன ரிப்பேர் கடை. அங்க இருந்த அங்கிள் பிரிச்சுப் பாத்து கார்ட எடுத்துக் குடுத்துட்டாரு, டிஸ்க்க உள்ள இழுக்கற ரோலர்தான் கிழிஞ்சு போச்சு. புது டிரைவ் ஒண்ணு வாங்கி மாட்டிடலாமான்னு கேட்டேன், முடியாதுன்னாரு. முதல்ல வந்த பிஎஸ்5 மாடல்ல டிரைவோட போர்டும் மெஷினோட மெயின் போர்டும் ஒண்ணுக்கொண்ணு ஜோடி, வேற டிரைவ அப்படியே தூக்கி மாட்டினா டிஸ்க்கப் படிக்காது, அதனால பழைய போர்ட மட்டும் கழட்டி புது மெக்கானிசத்துல வெக்கணும்னு விளக்கினாரு. 95 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), பார்ட் வர மூணு வாரம். அதுவரைக்கும் டிஸ்க் போடாம விளையாடிக்கோன்னு மெஷினத் திருப்பிக் குடுத்துட்டாரு.

டிஸ்க் போடாம எங்க விளையாடறது? அலமாரில ஏழு டிஸ்க் இருக்கு, ஏழும் மெஷினுக்குள்ள இருக்கற எஸ்எஸ்டி சேமிப்புல முழுசா இன்ஸ்டால் ஆகிக் கெடக்கு, 825 ஜிபின்னு பேரு, நமக்குக் கெடைக்கறது 667 ஜிபிதான், அதுல பாதிக்கு மேல இதுங்கதான் உக்காந்திருக்கு. ஆனா டிஸ்க் உள்ள இல்லன்னா ஒண்ணும் தொறக்காது. டிஸ்க் இங்க சாவி மாதிரிதான், வீடு பூரா எஸ்எஸ்டில இருக்கு. இது எனக்கு 2021லேயே தெரியும், தெரிஞ்சுதான் வாங்கினேன், இருந்தாலும் சாவி தொலைஞ்சு வாசல்ல நிக்கறப்போதான் அதோட அர்த்தம் புரியுது.

அந்த மூணு வாரத்துல பிளேஸ்டேஷன் ஆன்லைன் ஸ்டோர்ல சேல் ஓடிச்சு, ஆஸ்ட்ரோ பாட்ங்கற கேம டிஸ்க் இல்லாம டிஜிட்டல்ல வாங்கினேன். மெஷினோட இலவசமா வந்த ஆஸ்ட்ரோஸ் பிளேரூம்ல அந்தக் கன்ட்ரோலர் கைக்குள்ள மணல் மாதிரியும் மழை மாதிரியும் அதிர்ந்ததுலேயே நான் விழுந்தவன், இது அதுக்கும் மேல, 2024ல வருஷத்தோட சிறந்த கேம்னு விருது குடுத்தாங்கன்னா சும்மா இல்ல. சோஃபாலேர்ந்து எந்திரிக்காம ஒரு கேம்லேர்ந்து இன்னொண்ணுக்குப் போறது, டிஸ்க் மாத்தணும்ங்கற எண்ணமே இல்லாம... உண்மையச் சொல்லணும்ல, சுகமாத்தான் இருந்துச்சு.

ஆனா மூணாவது வாரம் எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. ஆஸ்ட்ரோ பாட்ட முடிச்சுட்டேன். முடிச்சுட்டு என்ன பண்றதுன்னு தெரியல. வழக்கமா முடிச்ச உடனே போட்டோ எடுத்து விலை போட்டு ஆன்லைன்ல ஏத்திடுவேன், ரெண்டு நாள்ல யாராவது "ஸ்டில் அவைலபிளா"ன்னு கேப்பாங்க. இத யாருக்கும் குடுக்க முடியாது. அவ்ளோ நல்ல கேம், என் அக்கவுன்ட்லயே கெடக்கும்.

இதத்தான் மச்சானுக்கு எப்படிப் புரிய வெக்கறதுன்னு யோசிக்கறேன். பிஎஸ்5 இங்க 2020 நவம்பர் 19 வந்தப்போ டிரைவ் வெச்சது 729 வெள்ளி, வெக்காதது 599. அப்போ கடைல எங்கயும் ஸ்டாக் கெடையாது, எனக்கு 2021 மார்ச்லதான் கெடைச்சுது. 130 வெள்ளி வித்தியாசத்துக்கு என்ன கெடைச்சுதுன்னு கேட்டா, நான் மனுஷங்களச் சொல்லுவேன். மொத டீல் டீமன்ஸ் சோல்ஸ். காதிப் எம்ஆர்டில அந்தப் பையன் கேட்டுக்கு உள்பக்கம் நின்னான், நான் வெளிய, வெளிய வந்தா திரும்ப உள்ள போக காசு போகும்ல, அதனால கண்ணாடித் தடுப்புக்கு மேலயே டிஸ்க்க நீட்டினேன், அவன் பேநவ்ல ஃபோன்லேர்ந்தே காசு அனுப்பிட்டு அடுத்த ரயில்லயே ஏறிப் போயிட்டான். ஒரு நிமிஷம் கூட ஆகல. சிங்கப்பூர்ல இப்படி டீல் பண்ணாதவங்க இருக்காங்களான்னு தெரியல.

செங்காங்ல ஒரு அங்கிள், மகன் வெளிநாட்டுல படிக்கப் போயிட்டான்னு எட்டு டிஸ்க்க ஒரு பிளாஸ்டிக் பையில போட்டுக் கொண்டு வந்தாரு, எனக்கு ரெண்டுதான் வேணும்னேன், புளோக்குக்குக் கீழ கோப்பிக்கடைல உக்காந்து ஒண்ணொண்ணா எடுத்து இது என்ன கேம், இத எவ்ளோ நேரம் விளையாடியிருப்பான்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு. தே ஓ (பால் இல்லாத டீ) ரெண்டு தடவ வாங்கினோம். நாலு டிஸ்க் வாங்கிட்டுத்தான் வந்தேன்.

இன்னொருத்தன் என்எஸ், அதாவது கட்டாய ராணுவச் சேவைக்குப் போகப் போற பையன், பயிற்சி முகாம் இருக்கற தெக்கோங் தீவுக்குப் போறதுக்கு முந்தின வாரம் எல்லாத்தயும் வித்துக்கிட்டு இருந்தான், அவன்கிட்டதான் ரிட்டர்னல் வாங்கினேன். வீட்டுக்கு வந்து கேஸத் தொறந்தா உள்ள ஒரு சின்ன பேப்பர், ஹாலோசீக்கர் துப்பாக்கி கெடைச்சா விடாதீங்க அண்ணேன்னு எழுதியிருந்தான். தமிழ்ப் பையன்னு அதப் பாத்துதான் தெரிஞ்சுது, நாங்க பேசினது முழுக்க இங்கிலீஷ். டிஜிட்டல்ல வாங்கினா யாரு எனக்கு அந்தப் பேப்பர வெப்பாங்க?

அதுக்காக டிஸ்க்தான் சாசுவதம்னு சொல்றவங்ககூட நான் சேர மாட்டேன். அதே ரிட்டர்னல எடுத்துக்கோங்க, 2021 ஏப்ரல்ல வந்தப்போ நடுவுல சேவ் பண்ண வழியே இல்ல, ஒரு ஓட்டம் ரெண்டு மணி நேரத்துக்கு மேல இழுக்கும், ஷிஃப்ட் வேலை பாக்கறவன் மெஷின ரெஸ்ட் மோடுல போட்டுட்டு கரண்டு போகக் கூடாது, அப்டேட் வந்து ரீஸ்டார்ட் ஆகக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டுத்தான் வேலைக்குப் போகணும். அக்டோபர் அப்டேட்லதான் பாதியில நிறுத்தி வெக்கற வசதி வந்துச்சு. என் கைல இருக்கற டிஸ்க்ல அது இல்ல. நாளைக்கு அப்டேட் இறக்கற சர்வர் இல்லன்னா அந்த மொத நாள் கேம்தான் மிச்சம். தி க்ரூ விஷயம் இன்னும் மோசம், 2014ல வந்த கார் கேம், 2024ல சர்வர மூடினாங்க, டிஸ்க் வெச்சிருந்தவங்களுக்கும் சேத்து மூடிட்டாங்க. காசு குடுத்து வாங்கின வட்டு வெறும் வட்டமாக் கெடக்கு. அத நெனச்சா எனக்கு இப்பவும் வயிறு எரியுது, எந்தச் சாக்கும் சொல்லி அத நியாயப்படுத்த முடியாது. ஆலன் வேக் 2 டிஸ்க்கே இல்லாமத்தான் 2023ல வந்துச்சு, ஒரு வருஷம் கழிச்சு டிஸ்க் வந்தப்போ ஆசைப்பட்டவங்க பாதிப் பேரு டிஜிட்டல்ல முடிச்சுட்டாங்க.

செகண்ட் ஹேண்ட் வாங்கறவங்க கட்டாயம் பாக்க வேண்டியது ரீஜன். பிஎஸ்5ல எந்த நாட்டு டிஸ்க்கும் ஓடும், அத நம்பி எல்டன் ரிங் ஆர்2, அதாவது ஐரோப்பா டிஸ்க், பத்து வெள்ளி கம்மியாக் கெடைச்சுதுன்னு வாங்கினேன். நூறு மணி நேரத்துக்கு மேல விளையாடியாச்சு. 2024 ஜூன்ல அதுக்கு ஷேடோ ஆஃப் தி எர்ட்ட்ரீங்கற டிஎல்சி, அதாவது தனியா வாங்கி இறக்கற கூடுதல் பகுதி, வந்துச்சு, என் சிங்கப்பூர் அக்கவுன்ட்ல வாங்கி இறக்கி உக்காந்தா கேம்ல வரவே இல்ல. டிஸ்க் ஒரு ரீஜன், டிஎல்சி வேற ரீஜன், ரெண்டும் பேசிக்காது. கேஸோட முதுகுல பிபிஎஸ்ஏன்னு ஆரம்பிக்கற நம்பர் இருக்கும், அத ஆசியா வெர்ஷனோட நம்பரோட ஒப்பிட்டுப் பாத்துட்டு வாங்குங்க. டிஎல்சி வராத கேம்னா ஆர்1 (அமெரிக்கா), ஆர்2 எதுனாலும் பரவால்ல, வரும்னு தெரிஞ்சா ஆர்3 (ஆசியா) தவிர வேற தொடாதீங்க. நான் ஆர்3 டிஸ்க் ஒண்ணு தேடி வாங்கி, சேவ் வராம மொதல்லேர்ந்து ஆரம்பிச்சேன். பத்து வெள்ளிக்காக நூறு மணி நேரம்.

கணக்கும் போட்டுப் பாத்தேன், ஃபோன் நோட்ஸ்ல எல்லாத்தயும் எழுதி வெக்கற பழக்கம். இதுவரைக்கும் 31 டிஸ்க், வாங்கினது 1,870 வெள்ளி, அதுல 24 வித்தது 1,240 வெள்ளி. கையவிட்டுப் போனது 630, கேம் ஒண்ணுக்கு இருவது வெள்ளி சொச்சம், ஏழு டிஸ்க் இன்னும் வீட்டுல இருக்கு. புதுசா வர்ற பெரிய கேம் 90 வெள்ளிக்கு மேல போறப்போ இது நல்ல கணக்குதான். ரிப்பேர் 95யும் சேத்தாலும் நல்ல கணக்குதான்.

இப்போ மச்சானுக்கு. நீ டிரைவ் இல்லாததே வாங்கிக்கோ.

இவ்ளோ நேரம் டிஸ்க்கப் புகழ்ந்துட்டு இப்படிச் சொல்றேனேன்னு நெனைப்ப. ஆனா நீ விளையாடறது அந்த ஃபுட்பால் கேம் ஒண்ணுதான், வருஷா வருஷம் செப்டம்பர்ல புதுசு வரும், வந்த அன்னைக்கே போன வருஷ டிஸ்க் பத்து வெள்ளிக்குக் கூட நகராது, அத வெச்சுக்கிட்டு காதிப்ல நின்னா ஒருத்தனும் வர மாட்டான். அப்புறம் இப்போ இருக்கற ஸ்லிம் மாடல்ல டிரைவ் தனியாக் கழட்டி மாட்டறதுதான், மனசு மாறினா அப்புறமா வாங்கி மாட்டிக்கலாம். மொத தடவ மாட்டறப்போ நெட்ல போயி பதிவு பண்ணணும், அது எனக்குச் சுத்தமாப் பிடிக்கல, நம்ம மெஷின்ல நம்ம டிரைவ மாட்ட யாருகிட்ட அனுமதி கேக்கறது? பிஎஸ்5 ப்ரோ மாடல் வேணாம். அதுல டிரைவே வெக்கல, அவ்ளோ காசு வாங்கிட்டு டிரைவத் தனியா வாங்குன்னு சொல்றவங்க மேல எனக்கு இருக்கற கோவம் சீக்கிரம் தீராது. படம் எவ்ளோ தெளிவா இருந்தாலும் சரி.

எனக்கு? அடுத்த மெஷின் டிரைவே மாட்ட முடியாம வந்துச்சுன்னா நான் வாங்க மாட்டேன். இத வெச்சே ஓட்டிக்குவேன்.

ரோலர் புதுசா இருக்கறதால டிஸ்க்க இப்போ வழுவழுன்னு உள்ள இழுக்குது, மகள் அதப் பாக்கறதுக்குன்னே பக்கத்துல வந்து உக்காந்துக்கறா, அவ கைய வெக்க விடாம நான் புடிச்சுக்கறேன். நாளைக்கு ராத்திரி எட்டரைக்கு யீஷூன் எம்ஆர்டில ஒருத்தர் காட் ஆஃப் வார் ராக்னராக் டிஸ்க் வாங்க வர்றாரு, 28 வெள்ளி. அவர் கேக்கல, இருந்தாலும் கேஸுக்குள்ள ஒரு பேப்பர் எழுதி வெச்சிருக்கேன், கதை முடிஞ்சுடுச்சுன்னு அணைச்சுடாதீங்க, அதுக்கப்புறமும் இருக்குன்னு.