வெள்ளவத்தையில் ஆறு சனிக்கிழமைகள்: நற்செய்தி வசனங்களுக்குள் எபிரேயச் சிலேடை

காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில், தேவாலய மண்டபமொன்றில் நடந்த வகுப்பு இது, இயேசுவின் வார்த்தைகளுக்குப் பின்னால் இருக்கும் எபிரேய, அரமேயச் சொல்விளையாட்டைப் பற்றியது. ஆறு வாரத்துக்கு 3,000 ரூபா, இடைவேளையில் பிளேன்டீ உண்டு. மறுபடி நடந்தால் கட்டாயம் போங்கள்.

முதல் நாளே எனக்குப் பிடித்துவிட்டது. இந்தக் கல்லுகளினாலே ஆபிரகாமுக்குப் பிள்ளைகளை உண்டுபண்ணத் தேவனால் முடியும் என்று யோவான் ஸ்நானகன் சொல்கிறாரே, மத்தேயு 3:9, சின்ன வயதில் மனப்பாடம் செய்த வசனம், ஆனால் ஏன் கல் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. வகுப்பெடுத்த ஐயா எபிரேயத்தில் வாய்விட்டுச் சொன்னார்: பிள்ளைகள் பனீம், கற்கள் அவனீம். பிறகு கரும்பலகையில் 'பனீம்' எழுதி, முன்னால் ஆலெப் என்ற ஒரே எழுத்தைச் சேர்த்தார், பிள்ளைகள் கற்களாகிவிட்டார்கள்! காளமேகத்தைக் கேட்டு வளர்ந்த காதுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டுமா? இயேசு காலத்தில் அங்கே பேச்சுமொழியாக இருந்த அரமேயத்திலும் இந்த இரண்டு சொற்களும் இதேபோல ஒட்டித்தான் ஒலிக்குமாம்.

கொசுவை வடிகட்டி ஒட்டகத்தை விழுங்குகிறீர்கள் என்று இயேசு பரிசேயரைச் சாடுவதும் அப்படித்தான். அரமேயத்தில் சின்னப் பூச்சி கல்மா, ஒட்டகம் கம்லா. வகுப்பே சிரித்தது.

ஆனால் என்னை உலுக்கியது மூன்றாம் வாரம். அரமேயத்தில் 'ஹோபா' என்றால் கடன், பாவமும் அதே சொல்தான். கர்த்தருடைய ஜெபம் மத்தேயுவில் கடன்களை மன்னியும் என்றும் லூக்காவில் பாவங்களை மன்னியும் என்றும் வருவதை இரண்டு வேறு ஜெபம் என்றே நினைத்திருந்தேன். லூக்கா 11:4-ஐ மெதுவாக வாசியுங்கள், முதலில் பாவம் என்று கேட்டுவிட்டு, நமக்குக் கடன்பட்டவனை மன்னிக்கிறோம் என்று அதே மூச்சில் சொல்கிறது. வீட்டுக்கு வந்து அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், அவ கொஞ்ச நேரம் பேசவேயில்லை.

நல்லவர்மேலும் தீயவர்மேலும் சூரியன், நீதிமான்கள்மேலும் அநீதிமான்கள்மேலும் மழை என்று ஒரே கருத்து இரண்டு முறை வருவது எபிரேயக் கவிதையின் நடை என்பதையும் அழகாகச் சொன்னார். நம் ஒப்பாரியில் ஒரு வரியை அடுத்த வரி வாங்கிக்கொள்வதுபோல.

குறையும் உண்டு. கடைசி வாரம் அவசரம். ஐசுவரியவான் தேவனுடைய ராஜ்யத்தில் பிரவேசிப்பதைவிட ஒட்டகம் ஊசியின் காதில் நுழைவது எளிது என்ற வசனத்தில் வரும் ஊசியின் காது, எருசலேமில் இருந்த ஒரு சின்ன வாசல் என்று உறுதியாகச் சொன்னார், அப்படியொரு வாசல் அந்தக் காலத்தில் இருந்ததற்கு ஆதாரமே இல்லை, அதை விட்டுவிட வேண்டும். அப்புறம், தந்த போட்டோகொப்பி முழுக்க ஆங்கில எழுத்து, பின்வரிசை அம்மாமார் பாவம், வாசிக்க முடியாமல் மடித்து வைத்துவிட்டார்கள். அவ்வளவையும் நான் தமிழ் எழுத்தில் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன், வேண்டியவர்கள் கேளுங்கள், தருகிறேன்.