பைத்தானில் சூழல் மாறிகள்: 6 வருடப் புழக்கத்துக்குப் பிறகு

நிரல்களுக்கு வெளியிலிருந்து அமைப்புகளைச் சொல்லும் பெயர்-மதிப்பு ஜோடிகள்தான் சூழல் மாறிகள். அவற்றை ஷெல்லில் (கட்டளை வரியில்) தொடாமல் பைத்தான் ஸ்கிரிப்டிலேயே மாற்றிக்கொள்வது எனக்கு 6 வருடப் பழக்கம். மேலோட்டமாகப் பார்த்தால் அவற்றைத் தரும் ஓஎஸ்.என்விரான் (os.environ) ஒரு சாதாரண டிக்‌ஷனரி. பெயரைக் கொடுத்தால் மதிப்பு வரும், புதிதாகப் போட்டால் ஏறிக்கொள்ளும். மதிப்பு சரமாக (எழுத்துத் தொடராக) இருக்க வேண்டும், 8 என்று எண்ணாகக் கொடுத்தால் டைப்எரர். அதுவரை சுகம்தான்.

உண்மையான பட்டியல் பைத்தானுக்குக் கீழே இருக்கும் சி மொழி நூலகத்தின் கையில் இருக்கிறது. பைத்தான் கிளம்பும்போது அதை ஒருமுறை நகலெடுத்துக்கொள்ளும், நாம் பார்ப்பது அந்த நகலை. நகலில் எழுதினால் கீழேயும் மாறும். கீழே யாராவது மாற்றினால் மேலே தெரியாது. கீழே நேராக எழுதும் ஓஎஸ்.புட்என்வைக் கூப்பிட்டாலும் அதே கதை. இதில் ஒரு நாள் முழுக்கப் போனது எனக்கு: நான் கிளப்பிவிட்ட துணை நிரலுக்குப் புது மதிப்பு போய்ச் சேர்கிறது, என் ஸ்கிரிப்டில் மதிப்பைப் படிக்கும் கெட்என்வைக் கேட்டால் 'None' (எதுவும் இல்லை) என்கிறது! இப்போது 3.14 பதிப்பில் நகலைப் புதுப்பிக்க ரீலோட்_என்விரான் என்று ஒன்று கொடுத்திருக்கிறார்கள். முன்பே வந்திருக்கலாம்.

மாற்றியது சரியாகவே பதிந்திருந்தும் பலன் இல்லாத இடங்கள் இன்னும் மோசம். லினக்ஸில் நூலகங்களைத் தேடும் இடங்களைச் சொல்லும் எல்டி_லைப்ரரி_பாத்தை, நூலகங்களை ஏற்றும் லோடர், நிரல் தொடங்கும்போதே படித்து முடித்துவிடும், அப்புறம் ஸ்கிரிப்டுக்குள் என்ன எழுதினாலும் அதன் காதில் விழாது. பைத்தானின் ஹாஷ் மதிப்புகளைக் கட்டுப்படுத்தும் பைத்தான்ஹாஷ்சீடும் அப்படியே. எத்தனை த்ரெட் (ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் இழை) என்று சொல்லும் ஓஎம்பி_நம்_த்ரெட்ஸை, நம்பை (NumPy) என்ற கணக்கு நூலகத்தை இம்போர்ட் செய்வதற்கு முந்தைய வரியில் வைக்க வேண்டும். நேர மண்டலத்தைச் சொல்லும் டிஇசட் (TZ) மட்டும் கொஞ்சம் இரக்கப்படும்: யூனிக்ஸில் டைம்.டிஇசட்செட் கூப்பிட்டால் போதும்.

அதனால் இப்போது ஒரு சின்ன ஏவல் ஸ்கிரிப்ட் வைத்திருக்கிறேன். என்விரானை நகலெடுத்து, வேண்டியதை அதில் மாற்றி, துணை நிரல்களைக் கிளப்பும் சப்பிராசஸுக்கு என்வ் (env) ஆகக் கொடுத்து உண்மையான நிரலைக் கிளப்பும். ஆரம்பத்தில் நகலெடுக்காமல் ஒரே ஒரு மாறியை மட்டும் கொடுத்தேன். அது பழையதோடு சேராது, மொத்தத்தையும் தூக்கிப் போட்டுவிட்டு உட்கார்ந்துகொள்ளும். நிரல்களைத் தேடும் இடங்களைச் சொல்லும் பாத் (PATH) காணாமல் போய், தனி அடைவில் நிறுவியிருந்த கருவி எதுவும் அகப்படவில்லை.

இந்த முறையில் த்ரெட் தொல்லையும் குறைந்தது. ஒரு த்ரெட் சூழலை மாற்றும்போது இன்னொன்று சி மட்டத்தில் கெட்என்வ் கேட்டால் நிரலே விழலாம். ரஸ்ட் மொழியில் 2024 எடிஷனிலிருந்து சூழல் மாறியை எழுதும் செட்_வார் 'அன்சேஃப்' (பாதுகாப்பு உறுதி இல்லாதது) என்று ஆனது இதனால்தான். பைத்தான் அப்படி எச்சரிப்பதில்லை.

இன்றும் சந்தேகம் வந்தால் கை தானாக /ப்ராக்/செல்ஃப்/என்விரான் கோப்புக்குப் போகிறது. நிரல் தொடங்கியபோது இருந்ததைத்தான் அது காட்டும், பிறகு நான் மாற்றியது அதில் இருக்காது. தெரிந்தும் திறந்து பார்க்கிறேன்.